யாருக்குச் சொன்ன வாக்குத்தத்தம்?

ஆரானை விட்டுப் புறப்பட்டபோது, பின்னாளில் ஆபிரகாம் எனப் பெயர் பெற்ற ஆபிராமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையிலிருந்த 25 ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே வாக்கைத்தான். சந்ததி பெருகும், தேசம் கிடைக்கும், உன்னால் மற்றவர்களுக்கும் ஆசீர்வாதம் வரும். ஆதியாகமத்தின் 12, 13, 15, 17, 18, 22ஆம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தால் இது சட்டென்று புலப்படும். சொன்னதையே ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? சர்வவல்லவர் ஒருமுறை சொன்னால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நிற்கிறது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மேய்ப்பனுக்குச் சொன்னதாக எழுதப்பட்டிருக்கும் வாக்கை, இன்று திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ ஒரு தாய் தன் மகனின் வேலைக்காகவும் மகளின் திருமணத்துக்காகவும் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்கிறாரே, அதற்கு இடம் உண்டா? பக்தியோடு வாசிப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் 'உண்டு' என்கிறார்கள். இறையியல் படித்தவர்களில் பலர் முகம் சுளித்து 'இல்லை' என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வேதாகமத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறது, எது ஒரே ஒருமுறை வந்து நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்த்தால், எந்த வாக்கு யாருடையது என்பதில் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

வாக்கு வரும் வேளை

ஆபிரகாமுக்கு வாக்கு வந்த வேளைகளைக் கவனியுங்கள். 13ஆம் அதிகாரத்தில் லோத்து நீர்வளம் மிகுந்த யோர்தான் சமவெளியைத் தேர்ந்துகொண்டு போய்விட்டான். மூத்தவர், விட்டுக்கொடுத்துவிட்டு மேட்டுநிலத்தில் தனியே நிற்கிறார். அப்போதுதான் நான்கு திசையிலும் கண்ணெடுத்துப் பார்க்கச் சொல்லி வாக்கு வருகிறது. 15ஆம் அதிகாரத்தில் ராஜாக்களோடு போர் முடிந்திருக்கிறது. எதிரி திரும்பி வருவானோ என்ற அச்சம் இருந்திருக்கும். பிள்ளையில்லாத வீட்டுக்கு எலியேசர்தான் வாரிசாவானோ என்ற கவலையை அவரே வாய்விட்டுச் சொல்கிறார். பயப்படாதே என்ற சொல் வேதாகமத்தில் முதன்முதலாக வருவது இந்த இடத்தில்தான்.

அந்த அதிகாரத்தின் பிற்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை ஆபிராம் நடுவே பிளந்து துண்டுகளை எதிரெதிராக வைக்கிறார். காட்டுப்புறாவையும் புறாக்குஞ்சையும் பிளக்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பறவைகள் இறைச்சிக்கு இறங்குகின்றன. அவர் அவற்றைத் துரத்திக்கொண்டிருக்கிறார். பொழுது சாய்கிறது. திகிலும் காரிருளும் வந்து மூடுகின்றன. வாக்கு கிடைத்த பிறகும் அந்த மனிதர் அன்று செய்த வேலை, பிணந்தின்னிப் பறவைகளை ஓட்டியதுதான். இருட்டிய பின் புகையும் சூளையும் எரியும் தீப்பந்தமும் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன. உடன்படிக்கை செய்யும் இருவரும் இப்படி நடுவே நடந்து போவது அந்தக் கால வழக்கம் என்பார்கள். இங்கே ஆபிராம் நடக்கவில்லை. கடவுளின் அடையாளம் மட்டும் கடந்துபோகிறது.

இதன் பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. 86 வயதில் ஆகாரிடத்தில் இஸ்மவேல் பிறக்கிறான். 17ஆம் அதிகாரம் தொடங்கும்போது அவருக்கு 99 வயது. நடுவே 13 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் கடவுள் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. மறுபடி வாக்கு வந்தபோது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தார். சாராள் கூடாரத்துக்குள் நின்று சிரித்ததைச் சொல்லிச் சொல்லிப் பிரசங்கம் செய்பவர்கள், அவள் கணவன் அவளுக்கு முன்பே சிரித்துவிட்டதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நவீன ஆய்வாளர்கள் இந்தத் திரும்பச் சொல்லலை வேறு விதமாக விளக்கியிருக்கிறார்கள். 1878இல் யூலியஸ் வெல்ஹவுசன் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, ஆதியாகமம் வெவ்வேறு காலத்து மூலங்களைச் சேர்த்துத் தொகுத்தது என்ற கருத்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றது. 15ஆம் அதிகாரம் ஒரு மரபு, 17ஆம் அதிகாரம் ஆசாரியர்களின் மரபு. அதனால்தான் உடன்படிக்கை இரண்டு முறை வருகிறது என்றார்கள். கிளாவுஸ் வெஸ்டர்மன் 1976இல், பிதாக்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிள்ளை, நிலம், துணை, ஆசீர்வாதம் என்று வகைபிரித்து, எது பழையது, எது பின்னால் சேர்ந்தது என்று ஆராய்ந்தார். ராபர்ட் ஆல்டர் 1981இல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். எபிரெயக் கதைசொல்லி ஒன்றைத் திரும்பச் சொல்லும்போது ஒரு சொல்லைக் கூட்டுவார், ஒன்றைக் குறைப்பார், அந்தச் சிறு மாற்றத்தில்தான் பொருள் இருக்கிறது என்றார் அவர்.

இரு தரப்பும் ஒன்றையொன்று அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பல மரபுகள் சேர்ந்தே இந்நூல் உருவானது என்று வைத்துக்கொள்வோம். தொகுத்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கியிருக்கலாமே. நீக்கவில்லை. வாக்கு ஒருமுறை வந்து முடிகிற காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு பயத்துக்கும் அது மறுபடி சொல்லப்பட வேண்டியிருந்தது என்பதைத் தங்கள் தலைமுறை அனுபவத்திலிருந்தே அறிந்திருப்பார்கள்.

எகிப்துக்குப் போகாதே, எகிப்துக்குப் போ

அடுத்த இரண்டு தலைமுறைகளில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. ஈசாக்கின் காலத்தில் பஞ்சம் வந்தது. எகிப்துக்குப் போகாதே, இந்தத் தேசத்திலேயே தங்கு, நான் உன்னோடு இருப்பேன் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. இது 26ஆம் அதிகாரம். அவன் மகன் யாக்கோபு கிழவனான பிறகு இன்னொரு பஞ்சம். பெயெர்செபாவில் பலியிட்டுவிட்டுத் தயங்கி நிற்கிறான். எகிப்துக்குப் போகப் பயப்படாதே, நானும் உன்னோடு வருவேன் என்று இரவில் கேட்கிறான். இது 46ஆம் அதிகாரம்.

தகப்பனுக்குப் போகாதே என்றும் மகனுக்குப் போ என்றும் கட்டளை. இரண்டிலும் பஞ்சம், இரண்டிலும் எகிப்து. யாக்கோபு தன் தகப்பனுக்கு வந்த வசனத்தை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தால் குடும்பமே கானானில் பட்டினி கிடந்து மடிந்திருக்கும். கட்டளை அந்தந்த ஆளுக்கு, அந்தந்த ஆண்டுக்கு. இரண்டு இடத்திலும் மாறாமல் வந்தது கூட இருப்பேன் என்ற பகுதிதான்.

வேதாகமம் முழுக்க இந்த வாக்கு கைமாறிக்கொண்டே போகிறது. எரியும் முட்செடியின் முன் நின்று நான் யார் என்று மோசே கேட்டான். நீ இன்னார் என்ற பதில் வரவில்லை. உன்னோடு இருப்பேன் என்றுதான் வந்தது. மோசே இறந்தபின் யோசுவாவுக்கு அதே வாக்கு. மீதியானியருக்குப் பயந்து, கோதுமையைக் களத்தில் போரடிக்காமல் திராட்சை ஆலைக்குள் ஒளிந்துகொண்டு போரடித்தான் கிதியோன். கர்த்தர் உன்னோடிருக்கிறார் என்று தூதன் வாழ்த்தியதும், அப்படியானால் எங்களுக்கு ஏன் இதெல்லாம் நேரிட்டது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். அவன் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அவன் அனுப்பப்பட்டான், அதே வாக்கு மறுபடியும் சொல்லப்பட்டது. இளைஞனான எரேமியாவுக்கும் அதுவே. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இம்மானுவேல் என்ற பெயரில் தொடங்கும் அது, கடைசி வசனத்தில் சீஷர்களுக்குக் கொடுத்த வாக்காக முடிகிறது.

இதற்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி எழும். நிலத்தைப் பற்றிய வாக்கும்தானே திரும்பத் திரும்ப வருகிறது? உண்மைதான். ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் அது இடைவிடாமல் சொல்லப்பட்டது. ஆனால் அது ஒரே வம்சத்துக்குள் சுற்றி வருகிறது. கூட இருப்பேன் என்ற வாக்கோ அந்த வேலியைத் தாண்டிப் போகிறது. ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஆகாரையும் பிள்ளையையும் ஆபிரகாம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். தண்ணீர் தீர்ந்ததும், பிள்ளை சாகிறதைப் பார்க்க மனமில்லாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள் அவள். இஸ்மவேலுக்குக் கானானில் பங்கில்லை. ஆனாலும் தேவன் அந்தப் பிள்ளையோடு இருந்தார் என்று ஆதியாகமம் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. தேசம் கிடைக்காதவனுக்கும் துணை கிடைத்தது.

யோசேப்பின் கதை இதைவிட நுட்பமானது. அவன் தகப்பனிடமும் தாத்தாவிடமும் பேசிய கடவுள் அவனிடம் நேரடியாகப் பேசியதாக ஒரு இடமும் இல்லை. அவனுக்கு வந்தவை கனவுகள்தான். கடவுளிடமிருந்து நேரடியாக எந்த வாக்கும் அவன் காதில் விழவில்லை. ஆனால் 39ஆம் அதிகாரம், போத்திபாரின் வீட்டிலும் சிறைச்சாலையிலும் கர்த்தர் அவனோடிருந்தார் என்று நான்கு முறை சொல்கிறது. அது அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, வாசிக்கும் நமக்குத் தெரிகிறது.

நிலத்தின் வாக்கை வேறொரு கூட்டம் தனதாக்கிக்கொண்டபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறே சாட்சி. வட அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் தங்களைப் புதிய இஸ்ரவேலாகக் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் போயர்கள், 1838 டிசம்பர் 16 அன்று சூலு படையை வென்றதைக் கடவுளோடு செய்த பொருத்தனையின் பலனாக எண்ணி, தலைமுறை தலைமுறையாக அந்த நாளைக் கொண்டாடினார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒருவரான ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், யாத்திராகமத்தைத் தங்கள் மக்கள் வாசிக்கும்போது கானானியரின் இடத்தில்தான் தங்களைக் காண்கிறார்கள் என்று எழுதினார். எவன் வீட்டு வாசலில் நின்று நாம் இந்த வசனத்தை உரிமை கோருகிறோம் என்று பார்க்காமல் கோரியவர்களால் விளைந்த துன்பம் அது. வாக்குப் பெற்ற ஆபிரகாமோ, மனைவியைப் புதைக்க இடம் வேண்டியபோது ஏத்தியனான எப்பெரோனிடம் பேரம் பேசாமல் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்கினார். அவர் சாகும்போது வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தில் அவருக்குச் சொந்தமாயிருந்தது அந்தக் கல்லறை நிலம் மட்டும்தான்.

சீட்டில் வரும் வசனம்

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குத் தனி இடம் உண்டு. நள்ளிரவு கடந்து புத்தாண்டு பிறந்ததும் பல சபைகளில் வரிசையாகப் போய்த் தட்டிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுப்பார்கள். இந்த வருஷம் உனக்கு என்ன வசனம் வந்தது என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கேட்பார்கள். அட்டை வேதாகமத்துக்குள் போகும், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும். சபைக்கென்று ஆண்டு வசனம் தனி, மாத வசனம் தனி. நாட்காட்டியில், ஆட்டோவின் முதுகில், வீட்டு முகப்பில் எல்லாம் வாக்குத்தத்தம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியைத் தனக்கே சொன்னதாக ஏற்று மனம் மாறினார். ஆனால் வேதத்தைத் திறந்து குறி பார்ப்பதைத் திருச்சபை பிற்பாடு கண்டித்தது. 506இல் காலியாவின் ஆக்தே நகரில் கூடிய சங்கம் இதற்கு எதிராகத் தீர்மானமே போட்டது. புராட்டஸ்தாந்து உலகில் சீட்டெடுக்கும் முறை ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் வேரூன்றியது. 1728இல் சின்செண்டோர்ப் பிரபு அங்கிருந்த மொராவிய சகோதரருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டெடுத்துத் தேர்வார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்தை அதற்கேற்ப ஆராய்ந்து சேர்ப்பார்கள். இந்த இரண்டாவது வேலை முக்கியமானது. சீட்டில் வந்ததை அப்படியே விட்டுவிடாமல் வேதத்தின் இன்னொரு பகுதியோடு உரசிப் பார்க்கிறார்கள்.

அதே காலத்தில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமும் வசனத்தைத் தனிமனிதனின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்தது. ஹாலேயில் படித்த போகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட சிறு நூல், நாளொன்றுக்கு ஒரு வசனமும் குறுந்தியானமுமாக ஐரோப்பா முழுதும் பரவியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் ஹாலேயின் மாணவர்தான். 1715இல் அவர் தமிழில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டோடு, வேதத்தைத் தனக்கென்று வாசிக்கும் அந்தப் பழக்கமும் இந்தக் கரைக்கு வந்துசேர்ந்திருக்க வேண்டும். 1760இல் மொராவியர்களும் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். இன்றைய வாக்குத்தத்த அட்டைக்கு இவர்கள்தான் நேரடி மூதாதையர் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் மண் அப்போதே பண்பட்டுவிட்டது.

1888இல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் வெளியிட்ட தினத்தியான நூலின் தலைப்பே வாக்குத்தத்தத்தை வங்கிக் காசோலையோடு ஒப்பிட்டது. நம்பிக்கையோடு கொண்டுபோய் நீட்டினால் கடவுள் பணம் தருவார் என்ற ஒப்புமை. அவர் அதை எழுதியது கடும் நோயிலும், தன் சொந்தத் திருச்சபைக் கூட்டமைப்போடு முறிந்த வேதனையிலும். அந்த வலியைக் கழித்துவிட்டு ஒப்புமையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், காசோலையில் பெயர் எழுதியிருக்கும் என்பதைப் பார்க்கவில்லை. யார் பெயருக்கு, எந்தத் தேதிக்கு, எவ்வளவுக்கு என்பதைப் பார்க்காமல் எந்த வங்கியும் பணம் தராது.

எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் இதற்குச் சரியான உதாரணம். எதிர்காலமும் நம்பிக்கையும் தரும் சமாதானத்தின் நினைவுகளைப் பற்றிய வசனம் அது. பட்டமளிப்பு வாழ்த்துகளிலும் புத்தாண்டு அட்டைகளிலும் மிக அதிகமாக வரும் வசனங்களில் ஒன்று. அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம், 70 ஆண்டுகள் நிறைவேறிய பிறகே திரும்பி வருவீர்கள் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் யாரும் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை.

28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். அவனும் கர்த்தரின் பெயரால்தான் பேசினான். எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்து, இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்றான். எழுபதை விட்டு இரண்டைச் சொன்னவனுக்குத்தான் அன்று கைதட்டல் கிடைத்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் அப்படிப் பேசியவன் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். 11ஆம் வசனத்தை 10ஆம் வசனம் இல்லாமல் அச்சடிக்கும் ஒவ்வொரு அட்டையும், எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியைக் கொடுக்கிறது.

வாக்குத்தத்தத்தைத் தனித்துப் பிடுங்கினால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சுவிசேஷங்களே காட்டுகின்றன. 91ஆம் சங்கீதத்தை, தேவதூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்ற அந்த வாக்கை, தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் எடுத்துச் சொல்வது சாத்தான். வசனம் சரியானது, எழுத்துப் பிழைகூட இல்லை. இயேசு உபாகமத்திலிருந்து வேறொரு வசனத்தால் பதில் சொன்னார். வேதாகமத்தில் பயப்படாதே என்பது ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 முறை வருகிறது என்று மேடைகளில் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. அது பலமுறை வருகிறது என்பதே போதும். இல்லாத கணக்கைச் சேர்த்து அதற்குப் பலம் தேடத் தேவையில்லை.

இதனால் ஒரு வசனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதே தவறு என்று சொல்லிவிட முடியாது. 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தார் டீட்ரிக் போன்ஹோஃபர். நாஜிகளின் பிடியிலிருந்து அவரைக் காப்பாற்றவே நண்பர்கள் அங்கே அழைத்திருந்தார்கள். நாள்தோறும் ஹெர்ன்ஹூட்டின் வாக்கிய நூலை வாசிப்பவர் அவர். அந்த மாதம் 26ஆம் தேதி, குளிர்காலத்துக்கு முன் வந்துசேர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய சிறு குறிப்பு அவர் கண்ணில் பட்டது. அது ஒரு முதியவர் தன் சீடனுக்கு எழுதிய சொந்த வேண்டுகோள் என்பதை அவரைப் போன்ற இறையியலாளர் அறியாதவரா? அறிந்தும், இதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தனக்கென்று எடுத்துக்கொண்ட வசனம் அவருக்கு எதையும் சம்பாதித்துத் தரவில்லை. தன் மக்கள் படும் பாட்டில் பங்கெடுக்கக் கூப்பிட்டது. ஒருவர் வசனத்தைச் சரியாகத் தனதாக்கினாரா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

தனதாக்கிக்கொள்ள வேதமே காட்டும் வழி

எபிரெயருக்கு எழுதின நிருபம் 13ஆம் அதிகாரத்தில், யோசுவாவின் தலைமுறைக்குச் சொல்லப்பட்ட கைவிடமாட்டேன் என்ற வாக்கை அதன் ஆசிரியர் எடுத்துத் தன் வாசகர்கள் கையில் நேரடியாகக் கொடுக்கிறார். யோசுவாவுக்கு அது யோர்தானைக் கடந்து போருக்குப் போகும்போது சொன்ன வாக்கு. நிருபத்தை வாசித்தவர்கள் படைவீரர்கள் அல்லர்; சொத்துகளைப் பறிகொடுத்த, சிறைப்பட்டவர்களோடு உறவு வைத்திருந்த சாதாரண விசுவாசிகள். பண ஆசையில்லாமல் இருப்பதற்கான காரணமாக அந்த வாக்கை அவர்களுக்குச் சொல்கிறார். யோசுவாவின் போரையும் எல்லைகளையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. துணையை எடுத்துக்கொண்டார், அதைத் தன் மக்களின் வீட்டுச் செலவுக் கவலைக்குள் வைத்தார்.

பெத்தேலில் யாக்கோபு செய்ததும் இதுதான். கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவனுக்குத் தேசமும் பூமியின் தூளளவு சந்ததியும் வாக்களிக்கப்பட்டது. விழித்தெழுந்து அவன் செய்த பொருத்தனையில் அவையெல்லாம் இல்லை. கடவுள் கூட இருந்து வழியில் காத்தல், உண்ண ஆகாரம், உடுக்க உடை, தகப்பன் வீட்டுக்குச் சமாதானமாய்த் திரும்புதல், இவற்றைத்தான் கேட்டான். அண்ணனுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவே. பெரிய வாக்கைத் தன் அளவுக்குச் சுருக்கிக்கொண்டான் என்று அவனைக் குறைசொல்லும் உரைகள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. லாபானின் வீட்டில் 20 ஆண்டுகள் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் ஆடு மேய்த்தபோது அவன் பற்றிக்கொண்டிருந்தது அந்தச் சிறிய பகுதியைத்தான்.

யூதர்கள் நாள்தோறும் நின்றபடி செய்யும் ஜெபம், ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனியே கடவுளை அழைத்துத் தொடங்குகிறது. மூவரையும் சேர்த்து ஒரே முறையில் ஏன் சொல்லவில்லை என்பதற்கு யூத மரபில் ஒரு விளக்கம் வழங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தகப்பன் கண்ட கடவுளை நம்பி நின்றுவிடாமல் தானே தேடிக் காண வேண்டியிருந்தது என்பதே அது. இந்தக் கட்டுரை கேட்ட முதல் கேள்விக்கு நான் படித்த பதில்களில் ஆகச் சிறந்தது இதுதான்.

நிறைவேறாதபோது

வாக்குத்தத்த நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அது 89ஆம் சங்கீதத்தின் பிற்பாதி. முதல் 37 வசனங்கள் தாவீதுக்குக் கொடுத்த உடன்படிக்கையை விரிவாக நினைவுகூர்கின்றன. சூரியனைப் போல நிலைத்திருக்கும் சிங்காசனம், பொய் சொல்லாத தேவன். 38ஆம் வசனத்தில் எல்லாம் தலைகீழாகிறது. நீரோ தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையில் தள்ளினீர் என்று கடவுளையே குற்றஞ்சாட்டுகிறார் சங்கீதக்காரர். சத்தியம் செய்த அந்தக் கிருபைகள் எங்கே என்று கேட்கிறார். விடை இல்லாமலே பாட்டு முடிகிறது. வாக்கு தெரியாதவனுக்கு இப்படிக் கேட்க உரிமை வராது. பொன் கன்றுக்குட்டி செய்த மக்களை அழிக்கவிருந்தபோது, ஆபிரகாமுக்குச் செய்த ஆணையை நினைத்தருளும் என்று மோசே வாதாடியதும் அதே உரிமையில்தான். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாக்கு, மனிதன் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் இடம் கொடுக்கிறது.

ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்தபோது கையில் கிடைத்த வேதாகமத்தில் அவரைத் தொட்டவை புலம்பல் சங்கீதங்கள்தான். வாக்குத்தத்தத்தை அச்சாணியாக வைத்து அவர் எழுதிய நம்பிக்கையின் இறையியல் 1964இல் வந்தது. ஐந்தாகமங்களின் கருப்பொருளே வாக்கின் பாதி நிறைவேற்றம்தான் என்று 1978இல் டேவிட் க்ளைன்ஸ் எழுதினார். மோசே நேபோ மலைமேலிருந்து தேசத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமே இறந்துபோவதோடு அந்த ஐந்து நூல்களும் முடிகின்றன. எபிரெயர் 11ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் சொல்கிறது. வாக்குப் பெற்றவர்கள் அதை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. மிஷனரி ஏமி கார்மைக்கேல் இளமையில் ஜப்பானில் இருந்தபோது, வாழ்நாளெல்லாம் தனியாளாக இருக்க நேருமோ என்ற பயம் அவரை வாட்டியது. கர்த்தரை நம்புகிற ஒருவரும் பாழாய்ப் போகமாட்டார்கள் என்னும் பொருளில் 34ஆம் சங்கீதத்தில் வரும் வாக்கு அப்போது அவரைத் தாங்கியது. 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக இருந்தார். 1931இல் குழிக்குள் விழுந்து காயமடைந்தவர் பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். எத்தனையோ பேர் ஜெபித்தும் குணமாகவில்லை. 1951 ஜனவரியில் இறந்தார். நோயாளிகளுக்காக அவர் 1933இல் வெளியிட்ட நூலில், சுகமாயிருப்பவர்கள் சுகமில்லாதவர்களுக்கு எழுதும் ஆறுதல்கள் தன்னைத் தொடவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இளமையில் அவருக்குக் கிடைத்த வாக்கு சுகத்தைப் பற்றியதல்ல. அது சொன்னபடியே நடந்தது. கடைசிவரை அவர் தனியாக இல்லை.

எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அந்த வாக்கு வேதாகமத்தில் வேறு யாருக்கும் சொல்லப்படவில்லை. அதை மருத்துவமனைப் படுக்கையருகே கொண்டுபோய், உமக்கும் இதுவே என்று சொல்பவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த நோயாளி இறந்தபின் அவர் வீட்டார் சுமக்கும் பாரத்தை அவர்கள் பார்ப்பதில்லை. விசுவாசம் போதவில்லை என்ற பழியும் சேர்ந்து அவர்கள் தலையில் விழுகிறது. போதகர்களிடமும் ஜெபக்குழுவினரிடமும் என் வேண்டுகோள் இது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது எசேக்கியாவின் 15 ஆண்டுகளை எசேக்கியாவிடமே விட்டுவிடுங்கள். கிதியோனுக்கும் ஆகாரின் பிள்ளைக்கும் கிடைத்ததைக் கொண்டுபோங்கள். அந்த வீட்டார் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். 89ஆம் சங்கீதத்தைக் கடைசி வசனம்வரை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.